சிவப்புப் பெருக்கல் குறி

2009 அக்டோபர் 22 அன்று விண்டோஸ் 7 விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்தைய விஸ்டாவால் நொந்துபோயிருந்தவர்கள் ஆசை ஆசையாக வாங்கி லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டார்கள். ஏற்றிய கொஞ்ச நாளில் சிலருக்குத் திரையின் கீழ்மூலையில் இருக்கும் பேட்டரிப் படத்தின் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி விழுந்தது. பேட்டரியை மாற்றுவது பற்றி யோசியுங்கள் என்று கூடவே ஒரு வரி. இதுநாள் வரை ஒழுங்காக ஓடிய பெட்டி இப்போது சடாரென்று அணைகிறது, புதிதாக உள்ளே வந்தது விண்டோஸ் 7 மட்டும்தான், அப்படியானால் பேட்டரியைத் தின்றது அதுதான் என்று பல நாடுகளிலிருந்தும் புகார் கிளம்பியது. சிலர் கோபத்தில் பழைய விஸ்டாவுக்கே திரும்பிப் போனார்கள். போனதும் சிவப்புக் குறி மறைந்தது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

2010 பிப்ரவரி 8 அன்று, அப்போது மைக்ரோசாஃப்டில் விண்டோஸ் பிரிவின் தலைவராக இருந்த ஸ்டீவன் சினோஃப்ஸ்கி நீளமாகப் பதில் எழுதினார். லேப்டாப் பேட்டரிக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. புதிதாக இருந்தபோது எவ்வளவு மின்சாரம் கொள்ளும், இன்றைக்கு முழுதாக ஏற்றினால் எவ்வளவு கொள்கிறது என்ற இரண்டு கணக்கையும் அது வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு பயாஸ் என்ற அடிப்படை மென்பொருள் வழியாக இயங்குதளத்துக்கு வந்து சேர்கிறது. விண்டோஸ் அதைப் படிக்கலாம், மாற்றி எழுத முடியாது. புதிதில் இருந்த கொள்ளளவில் 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டால் சிவப்புக் குறி. எக்ஸ்பியிலும் விஸ்டாவிலும் இப்படிப் படித்துச் சொல்லும் ஏற்பாடே கிடையாது. ஆகவே பழையதற்குத் திரும்பியவர்களுக்குக் குறி போனதே தவிர பேட்டரி பிழைக்கவில்லை. ஆராய்ந்து பார்த்த புகார்களில் எல்லாமே நிஜமாகவே தேய்ந்த பேட்டரிகள்தான் என்று முடித்திருந்தார்.

குற்றம் சாட்டப்பட்டவரே தீர்ப்பு எழுதினால் ஊர் ஏற்குமா? பலர் ஏற்கவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். படிக்க மட்டுமே முடிகிற ஒரு கணக்கைப் படித்துச் சொன்னதைத் தவிர விண்டோஸ் 7 வேறு எந்தப் பாவமும் செய்யவில்லை.

எங்கெங்கோ நடந்த இந்தச் சண்டை நம் ஊருக்கு வந்து சேர்ந்த வழி வேடிக்கையானது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் பக்கம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த அந்தப் பெட்டிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் இருந்தது. கூடவே, சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. அதைத் திறந்து பார்த்த பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் குறைவு. காஞ்சிபுரம் பக்கம் பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டிய எங்கள் திருப்புட்குழியிலும் தறி இருக்கும் வீடுகளுக்குள் முதல்முதலாக நுழைந்த கம்ப்யூட்டர் அதுதான். அடுத்த ஆண்டே சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. அரசாங்கம் கொடுத்த லேப்டாப் ராத்திரியில் வெளிச்சத்துக்கும் ஆயிற்று, பாட்டுக்கும் ஆயிற்று. கரண்ட் வந்தால் முழுக்க ஏற்றுவது, போனால் அடிவரைக்கும் இறக்குவது என்று பாடுபட்ட பேட்டரிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் தேய்ந்தன. அப்போது எங்கள் தெருவிலும் அந்தச் சிவப்புக் குறி வந்தது. வைரஸ் என்றார்கள் சிலர். பையன் எதையோ அமுக்கிவிட்டான் என்று அடி வாங்கிய பிள்ளைகளும் உண்டு.

இப்படிப் பழி ஆள் மாறி விழுவது எங்கள் ஊர்க் கதையிலும் உண்டு. எங்கள் ஊர் விஜயராகவப் பெருமாள் கோயில் ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்பது ஐதீகம். கோயிலுக்கு முன்னால் இருக்கும் குளத்துக்கு ஜடாயு தீர்த்தம் என்றே பெயர். (ஜடாயுவின் பெருமையை வைத்தீசுவரன் கோயில்காரர்களும் கேட்பார்கள், ஆந்திரத்து லேபாட்சிக்காரர்களும் கேட்பார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.) வால்மீகியின் ஆரண்ய காண்டத்தில் பலர் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஓர் இடம் உண்டு. சிறகு அறுபட்டு ரத்தத்தில் கிடக்கும் ஜடாயுவைக் கண்டதும் ராமனுக்கு முதலில் வருவது இரக்கம் அல்ல. பறவை வேடத்தில் இருக்கும் அரக்கன் இவன், சீதையைத் தின்றுவிட்டுக் கிடக்கிறான் என்று சொல்லி அம்பைத் தொடுக்கிறான். நடந்ததைச் சொல்லத் தெரிந்த ஒரே உயிர் அதுதான். சம்பவ இடத்தில் கிடந்ததும் அதுதான். சந்தேகம் வேறு யார் மேல் போகும்? ஜடாயு வாய் திறந்த பிறகே வில் கீழே விழுகிறது. அப்டேட்டின் மேல் பழி விழுவதும் ஏறக்குறைய இப்படித்தான். சேதி கொண்டுவந்தவன் ஒருவன், செய்தவன் வேறொருவன்.

இத்தோடு நிறுத்தினால் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்கியதாக ஆகிவிடும். ஐபோன் கதையையும் சொல்லியாக வேண்டும். 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1, பழைய பேட்டரி உள்ள போன்களின் வேகத்தைச் சத்தமில்லாமல் குறைத்தது. தேய்ந்த பேட்டரியால் ஒரே நேரத்தில் அதிக மின்சாரத்தைத் தள்ள முடியாது. தள்ளச் சொன்னால் போன் பொட்டென்று அணைந்துவிடும். அதைத் தடுக்கத்தான் வேகத்தைக் குறைத்தோம் என்பது ஆப்பிளின் விளக்கம். விளக்கத்தில் தப்பில்லை. ஆனால் அதை உரியவர்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை. பேட்டரியை மாற்றியதும் போன் மறுபடி வேகம் பிடிப்பதை ஒருவர் கவனித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ஜான் பூல் என்பவர் ஏராளமான போன்களின் வேக அளவீடுகளைப் படம் போட்டுக் காட்டினார். இரண்டு நாளில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது, மாதம் முடிவதற்குள் மன்னிப்பும் கேட்டது. பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2020-இல் பிரான்ஸ் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது, அமெரிக்க வழக்கு 50 கோடி டாலர் வரை கொடுக்கும் சமரசத்தில் முடிந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2010-இல் பேட்டரி தேய்ந்திருக்கிறது என்று சொன்ன இயங்குதளம் திட்டு வாங்கியது. 2017-இல் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தும் சொல்லாமல் வேலையைப் பார்த்த இயங்குதளம் அபராதம் கட்டியது. இரண்டு இடத்திலும் பேட்டரி பழசுதான். வாடிக்கையாளருக்குத் தெரியவேண்டிய ஒரு கணக்கு அவருக்குத் தெரிந்ததா என்பதில்தான் வித்தியாசம். 2018 மார்ச்சில் ஐஓஎஸ் 11.3 வந்தபோது பேட்டரியின் ஆரோக்கியத்தைச் சதவீதமாகக் காட்டும் பக்கத்தை ஆப்பிளும் சேர்த்தது. திட்டு வாங்கிய வேலையையே எட்டு வருஷம் கழித்து இன்னொருவர் பரிகாரமாகச் செய்தார்.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு முடிந்தது. அதையொட்டி ஊரெல்லாம் கூட்டம் கூட்டமாகப் புது இயங்குதளத்துக்கு மாறியது. மாறிய பெட்டிகளில் நிறைய, வாங்கி நாலைந்து வருஷம் ஆனவை. லேப்டாப் பேட்டரி பொதுவாக முந்நூறிலிருந்து ஐந்நூறு முறை முழுதாக ஏற்றி இறக்கினால் களைக்கத் தொடங்கும். அதாவது பேட்டரி படுக்கும் வயதும் அப்டேட் போடும் நாளும் ஒன்றாக வந்து நின்றன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுவதற்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது.

அப்படி மாட்டியவர்களில் ஒருவர் பட்டுச் சேலைக்கு டிசைன் போடும் தம்பி. கரைக்கும் முந்தானைக்கும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, ஜக்கார்டு அட்டை அடிக்கக் கொடுப்பார். சேலை நெய்யக் கொடுக்கும் முதலாளி வீடுகளுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டவேண்டிய தொழில். "கரையைக் காட்டி முந்தானைக்கு வர்றதுக்குள்ள அணைஞ்சுடுது அண்ணா. அப்டேட் போட்டதுலேர்ந்துதான்" என்றார். கறுப்புத் திரையான கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து அடிக்கச் சொன்னேன். எல்லாம் ஆங்கில எழுத்தில்தான். விண்டோஸ் 8 காலத்திலிருந்து இந்த வசதி இருக்கிறது, யாரும் சொல்லித் தருவதில்லை. அறிக்கை ஒன்று கோப்பாக விழும். டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண்கள் அதில் இருக்கும். அவருடைய இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிக்கும் கீழே இருந்தது.

காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. அவர் வேலை செய்வது தகரக் கூரைக்குக் கீழே. காஞ்சிபுரத்துச் சித்திரை வெயில் தெரியும்தானே. லேப்டாப் எந்நேரமும் சார்ஜரிலேயே கிடக்கும். லித்தியம் அயான் பேட்டரிக்கு ஆகாத இரண்டு விஷயங்கள் சூடும், நூறு சதவீதத்திலேயே நிற்பதும். உள்ளே கிராஃபைட் முனையின் மேல் ஒரு படலம் படிந்துகொண்டே போகிறது. அதில் சிக்கும் லித்தியம் திரும்பி வேலைக்கு வராது. சூட்டில் இந்தப் படலம் வேகமாகத் தடிக்கும். 'பேட்டரி யுனிவர்சிட்டி' என்ற பெயரில் கேடெக்ஸ் நிறுவனம் வெளியிடும் பாடங்களில் ஓர் அட்டவணை உண்டு. முழு சார்ஜில் 25 டிகிரியில் ஒரு வருஷம் சும்மா வைத்தால் கொள்ளளவில் 80 சதவீதம் மிஞ்சும். அதையே 40 டிகிரியில் வைத்தால் 65 சதவீதம்தான். 40 டிகிரியிலேயே ஆனால் 40 சதவீத சார்ஜில் வைத்தால் 85 மிஞ்சும். சூட்டை நாம் ஒன்றும் செய்ய முடியாது, சார்ஜைக் கட்டுப்படுத்தலாம். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் எண்பது சதவீதத்தோடு ஏற்றத்தை நிறுத்தும் ஏற்பாடு இருக்கிறது. மேசையை விட்டு நகராத பெட்டிக்கு அதைப் போட்டு வைப்பது நல்லது.

அப்டேட் எப்போதுமே நிரபராதி என்று சொல்ல மாட்டேன். பெரிய அப்டேட் முடிந்த முதல் சில நாட்கள் இயந்திரம் உள்ளுக்குள் எல்லாக் கோப்புகளையும் அட்டவணை போட்டுக்கொண்டிருக்கும், மிச்சம் மீதி டிரைவர்களை இறக்கிக்கொண்டிருக்கும். சார்ஜ் வேகமாக இறங்கத்தான் செய்யும். திரை வெளிச்சமும் தூங்கப் போகும் நேரமும் கம்பெனி விருப்பப்படி மாறிவிடுவதுண்டு. மூடிப் பைக்குள் வைத்த லேப்டாப் தூங்காமல் உள்ளேயே வெந்துகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். இவையெல்லாம் அப்டேட்டின் குற்றங்கள்தான். ஆனால் இவை ஒரு வாரத்தில் அடங்கும், அல்லது அமைப்பை மாற்றினால் சரியாகும். அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் எந்த அமைப்பை மாற்றியும் பயன் இல்லை. ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று ஒரு வைத்தியம் எங்கள் பக்கம் உலவுகிறது. வறுத்த பயறு முளைப்பதாக நம்பும் ஊர் எங்களுடையது, அது மரகதவல்லித் தாயாரின் அருள். தாயார் பேட்டரிக்குப் பொறுப்பு ஏற்றதாகத் தகவல் இல்லை.

காஞ்சிபுரத்தில் பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவரிடம், ஏன் எல்லோரும் அப்டேட்டையே சொல்கிறார்கள் என்று கேட்டேன். சிரித்தார். "பேட்டரி செத்துப்போச்சுன்னா நான் விக்கப் பாக்கறேன்னு நினைக்கிறாங்க சார். அப்டேட் கெடுத்துடுச்சு, சரி பண்ணித் தர்றேன்னா நம்பறாங்க. பண்ணும்போது அப்படியே பேட்டரியும் மாத்திடுங்கன்னு அவங்களே சொல்றாங்க." வதந்தியின் பொருளாதாரத்தை இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

இன்னொன்றையும் அவர்தான் சொன்னார். அரசு கொடுத்த பழைய பெட்டிகளில் அடியில் இருக்கும் கொக்கியை நகர்த்தினால் பேட்டரி கையோடு வந்துவிடும். இன்றைய மெல்லிய பெட்டிகளில் பத்து திருகு கழற்றி மூடியைப் பிளந்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் போட்ட பேட்டரிச் சட்டம், கையடக்கக் கருவிகளில் பேட்டரியை உடையவரே எடுத்து மாற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல் அது அமலுக்கு வருகிறது. அங்கே விற்கும் மாடல்களே இங்கேயும் வந்தால் நமக்கும் கொக்கி திரும்பக் கிடைக்கலாம்.

அதுவரை கடைதான் கதி. புதிது என்று கொடுக்கும் பேட்டரியைப் போட்டதும், காசு எடுப்பதற்கு முன்னால் அங்கேயே அறிக்கையை எடுத்துப் பாருங்கள். இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒட்டி நிற்க வேண்டும். இருபது முப்பது சதவீதம் விலகினால் அது கிடங்கில் நெடுநாள் கிடந்த சரக்கு. மலிவான போலிகளில் சில்லே பொய்க் கணக்குச் சொல்வதும் உண்டு, அதனால் வீட்டுக்கு வந்து சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தும் ஓட்டிவிடுங்கள். பில்லில் பேட்டரி என்று எழுதச் சொல்லுங்கள். 'சாஃப்ட்வேர் சர்வீஸ்' என்று எழுதிய பில்லை வைத்து பேட்டரியின் வாரண்டியைக் கேட்க முடியாது.