கொல்லையிலே உப்பளம்

பங்குனி கழிந்து சித்திரை பிறந்ததும் காரைக்கால் வாசிகளின் கவனம் கொல்லைப் பக்கம் திரும்புகிறது. மாவடு பருத்துக் காயாகும் சமயம். அதே சமயத்தில்தான் மாவிலைகளின் நுனி தீய்ந்தாற்போல் பழுப்பதும், பிஞ்சுகள் உதிர்ந்து கிடப்பதும் கண்ணில் படுகின்றன. மரம் தாகத்தால் தவிக்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். உடனே மோட்டாரைப் போட்டுக் கிணற்று ஜலத்தைக் காலையும் மாலையும் தெளிக்கிறார்கள். இலையோ இன்னும் அதிகமாய்த் தீய்கிறது.

பிஞ்சு உதிர்வதைப் பற்றி நேயர்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மாமரத்தில் நூறு பூவுக்கு ஒன்று கூடப் பழமாவதில்லை. அது இயற்கையின் கணக்கு. இலை நுனி கருகுவதுதான் கவனிக்கத்தக்க விஷயம். நம் ஊர் வீடுகள் பலவற்றில் அதற்குக் காரணம் தாகமல்ல, உப்பு.

நாம் இருப்பது காவிரியின் கடைமடை. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது நெடுநாள் வழக்கம். மூடிய பிறகு அரசலாற்றில் நல்ல தண்ணீர் குறைந்து, முகத்துவாரத்தின் வழியே கடல் ஜலம் உள்ளே ஏறுகிறது. கோடையில் நிலத்தடி நீர் இறங்க இறங்க, கடற்கரையோரக் கிணறுகளில் உவர்ப்பு மிகுகிறது. கார்த்திகையில் கற்கண்டாயிருந்த கிணறு சித்திரையில் கரிக்கிறது. தென்னை இதைப் பொறுத்துக்கொள்ளும். அது கடற்கரையைத் தாய்வீடாகக் கொண்ட ஜாதி. மாமரம் பொறுக்காது. வேர் உறிஞ்சிய உப்பு இலைக்குப் போய்ச் சேர்கிறது. ஜலம் ஆவியாய்ப் போய்விட, உப்பு மட்டும் இலையின் நுனியிலும் ஓரத்திலும் தங்கி அதைக் கருக்குகிறது.

அப்படியிருக்க, அந்த ஜலத்தையே சிறிது சிறிதாக அடிக்கடி தெளிப்பது என்ன காரியம்? 1930-இல் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்துபோய் உப்பெடுத்த வேதாரண்யம் நமக்கு அதிக தூரமில்லை. அங்கே ஆழமில்லாத பாத்தியில் உவர் ஜலத்தைத் தேக்குகிறார்கள். வெயில் ஜலத்தைக் குடித்துவிட்டு உப்பை வைத்துப் போகிறது. அவர்களுக்கு அது ஜீவனம். கொல்லையில் தினம் இருவேளை மேலாகத் தெளிக்கிறவர்கள் அதே தொழிலை லாபமின்றி நடத்துகிறார்கள்.

மாமரத்துக்கு வாரம் ஒரு முறை, மண் ஆழ நனையும்படி ஊற்றுவதே போதும். அடிமரத்தில் ஊற்ற வேண்டாம். கிளைகளின் நிழல் விழுகிற வட்டத்தின் ஓரத்தில்தான் தண்ணீர் குடிக்கும் வேர்கள் அதிகம். அரிசி களைந்த கழுநீர், காய்கறி அலம்பிய தண்ணீர், குழாய்த் தண்ணீரில் மிஞ்சியது எல்லாம் மாமரத்துக்குச் சேரட்டும். கிணற்று ஜலம் தென்னைக்குப் போகட்டும். சோப்பு நுரை இரண்டுக்கும் ஆகாது. வட்டத்தின்மேல் சருகையோ வைக்கோலையோ நாலு விரற்கடை கனத்துக்குப் பரப்பிவிட்டால் வெயில் மண்ணைத் தொடாது. உப்பு மேலே ஏறுவதும் குறையும். தென்னை வட்டத்தில் உரிமட்டைகளை முதுகு மேலே தெரியும்படி அடுக்கலாம். நம்மவர்களோ சருகைக் கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறார்கள்! கொல்லை சுத்தமாயிருக்க வேண்டுமாம்.

சுத்தம் என்ற பெயரால் நடக்கும் பெரிய அநியாயம் சிமெண்டுத் தளம். அடிமரம் வரை தளம் போட்டு, சுற்றிலும் ஒரு சாண் வட்டம் மட்டும் விட்டு வைக்கிற வீடுகள் வருஷத்துக்கு வருஷம் பெருகி வருகின்றன. கோடையில் மண்ணில் சேர்ந்த உப்பைக் கழுவிக் கீழே இறக்குவது ஐப்பசி கார்த்திகை மழைதான். அந்த மழை சாக்கடைக்குப் போய்விட்டால் உப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அடுத்த சித்திரையில் அதன்மேல் இன்னும் கொஞ்சம் சேரும். முழுத் தளத்தையும் பெயர்க்க மனமில்லாதவர்கள், கிளை நிழலளவாவது பெயர்த்துவிட வேண்டும்.

அரிவாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறியதிலிருந்து, வீட்டருகே மரம் என்றாலே பலருக்கு அச்சம். அச்சம் நியாயமானது, ஆனால் கிளை கழிக்கும் காலம் இதுவல்ல. ஆனி மாதத்து மாங்கனித் திருவிழா முடிந்து, காயெல்லாம் இறங்கிய பிறகு ஆடி, ஆவணியில் கழித்தால், புயல் மாதங்களுக்கு முன் காயம் ஆறிவிடும். தென்னையிலும் பந்தலுக்கென்று பச்சை மட்டையை வெட்டக் கூடாது. மாதத்துக்கு ஒன்று வீதம் வருகிற மட்டை ஒவ்வொன்றின் கக்கத்திலும் ஒரு பாளை இருக்கிறது. மட்டை போனால் அந்தக் குலைக்குத் தாங்கலும் இல்லை, ஆகாரமும் இல்லை.

தென்னோலையில் கரி பூசினாற்போல் கண்டால் அது 2016-இல் பொள்ளாச்சியில் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈயின் கைவரிசை. விஷ மருந்து அடிக்க வேண்டாம். அந்த ஈயை அழிக்கும் சிறு குளவிகள்தான் முதலில் மாளும். லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா கரைத்த பசையைத் தெளித்தால், காய்ந்து உதிரும்போது கரியும் உதிரும்.

கிணற்று ஜலத்தின் உப்பளவை அறிய விரும்புவோர், ஒரு புட்டியில் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். இந்தச் சித்திரையிலேயே பிடிக்க வேண்டும். மழைக்காலத்து ஜலத்தைச் சோதித்துப் பயனில்லை.