ஆற்று மணற்படிவங்களில் கிடைமட்ட எண்ணெய்க் கிணறுகள்: எங்கள் நிலைப்பாடு

புதுச்சேரியின் கோரிமேட்டில் இயங்கும் எங்கள் அறிவியல் அமைப்பு, காவிரிப் படுகையின் எண்ணெய்க் கிணறுகள் குறித்து மக்கள் எழுப்பும் கேள்விகளுக்கு இந்த அறிக்கையில் பதில் தருகிறது. கிடைமட்டக் கிணறு என்ற தொழில்நுட்பத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால், மணல் எந்தத் திசையில் ஓடுகிறது என்று முன்கூட்டியே சோதித்து உறுதி செய்யாமலும், கிணற்றின் பாதையை மேலே வாழும் மக்களுக்கு அறிவிக்காமலும் அப்படி ஒரு கிணறும் தோண்டப்படக் கூடாது.

ஆறு போட்ட மணல்

கோரிமேட்டின் செம்மண்ணுக்கு அடியில் இருப்பது கடலூர் மணற்பாறை. பழங்கால ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த படிவு அது. திருவக்கரையின் கல்மரங்களும் இதே பாறையில்தான் கிடைக்கின்றன. கிளையும் வேரும் இல்லாத வெறும் அடிமரங்களாக அவை கிடப்பதால், வெள்ளம் அடித்து வந்து புதைத்தவை என்று நிலவியலாளர்கள் கருதுகிறார்கள். மழைநீர் அறுத்த செம்மண் சரிவுகளில் உற்றுப் பார்த்தால், கூழாங்கல் கலந்த மணல் அடுக்கு சிறிது தூரத்திலேயே மெலிந்து களிமண்ணில் முடிந்துவிடுவதைக் காணலாம்.

ஆறு உருவாக்கிய எண்ணெய்ப் படிவங்களின் அமைப்பும் இதுதான். ஆறு தடம் மாறிய ஒவ்வொரு முறையும் ஒரு மணல் தடம் உண்டாகிறது. வளைவின் உட்புறத்தில் மணல் சேரும்போது இடையிடையே மெல்லிய களிமண் ஏடுகளும் சாய்வாகப் படிகின்றன. செங்குத்துக் கிணறு ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள பல மணல் அடுக்குகளைத் துளைத்துச் செல்லும். கிடைமட்டக் கிணறு ஒரே அடுக்குக்குள் நெடுந்தூரம் போகும். பாதை சரியாக அமைந்தால், களிமண் ஏடுகள் பிரித்து வைத்திருக்கும் எண்ணெயை ஒரே கிணற்றில் இணைக்கலாம். குறைந்த அழுத்த வேறுபாட்டில் எண்ணெய் எடுப்பதால், கீழிருக்கும் நீர் விரைந்து மேலேறுவதையும் தள்ளிப்போடலாம். ஆனால் பாதை சில மீட்டர் விலகினாலே துளை களிமண்ணுக்குள் போய்விடும்.

பாதையைத் தீர்மானிக்க நில அதிர்வு அலை ஆய்வு மட்டும் போதாது. ஆழத்தில் சில மீட்டரே தடிமன் உள்ள மணலை அது தனியாகப் பிரித்துக் காட்டாது. முதலில் ஒரு சோதனைத் துளை இட்டுப் பார்க்க வேண்டும். பிறகு, துளைக்கும் முனையின் அருகே பொருத்திய மின்தடை உணரிகள் தரும் தகவலைக் கொண்டு அவ்வப்போது பாதையைத் திருத்த வேண்டும். ராஜஸ்தானின் பார்மரில் 2004-இல் கண்டுபிடிக்கப்பட்டு 2009-இல் உற்பத்தி தொடங்கிய மங்களா எண்ணெய் வயலிலும் எண்ணெய் இருப்பது ஆற்று மணற்பாறையில்தான். கிடைமட்டக் கிணறுகள் அங்கேயும் தோண்டப்பட்டன.

காவிரிப் படுகையின் மணற்படிவங்கள் எல்லாமே ஆற்றுப் படிவங்கள் அல்ல, கடலடியில் படிந்தவையும் உண்டு. அதனால் ஒரு வயலில் சரியாக அமைந்த பாதையை அப்படியே இன்னொரு வயலுக்கு எடுத்துச் செல்ல முடியாது.

மக்களின் கவலை

கிடைமட்டக் கிணறு என்றாலே, நீரழுத்தத்தால் பாறையை உடைக்கும் நீரியல் விரிசல் முறைதான் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. இரண்டும் வெவ்வேறு. எண்ணெய் எளிதில் ஊடுருவும் நல்ல ஆற்று மணலில் பாறையை உடைக்கத் தேவையே வராது. ஒரே இடத்திலிருந்து பல கிணறுகளைத் திருப்பி விடலாம் என்பதால் வயல் நிலமும் குறைவாகவே பிடிபடும்.

ஆனாலும் மக்களின் கவலைக்கு அடிப்படை உண்டு. கிணறு தொடங்கும் ஊர் ஒன்றாகவும் முடியும் ஊர் வேறொன்றாகவும் இருக்கலாம். புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்தின் நிரவியில் ஓ.என்.ஜி.சி. வளாகம் இருக்கிறது. அந்த மாவட்டத்தின் நிலப்பகுதியைச் சூழ்ந்திருப்பது தமிழ்நாடு. வேளாண் மண்டலப் பாதுகாப்புக்காகத் தமிழ்நாடு 2020 பிப்ரவரியில் நிறைவேற்றிய சட்டம் காரைக்காலுக்குப் பொருந்தாது. அதற்கு முந்தைய மாதம்தான் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளை ‘பி2’ பிரிவுக்கு மாற்றியது. அதனால் ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை என்றாகிவிட்டது. காலடியில் என்ன நடக்கிறது என்று தெரியாத மக்களிடம் நம்பிக்கையை எதிர்பார்ப்பது நியாயமல்ல.

எங்கள் கோரிக்கைகள்

1. ஒவ்வொரு கிடைமட்டக் கிணற்றின் திட்டமிட்ட பாதையையும், தோண்டி முடித்தபின் உள்ள உண்மையான பாதையையும் ஊர்ப்பெயர்களோடு தமிழில் வெளியிட வேண்டும்.

2. சோதனைத் துளையின் முடிவுகளைத் எண்ணெய் நிறுவனங்களைச் சாராத வல்லுநர் குழு பார்த்த பிறகே கிடைமட்டப் பகுதியைத் தோண்ட அனுமதிக்க வேண்டும்.

3. நன்னீர் அடுக்குகளைக் கடக்கும் இடங்களில் உறைக்குழாயின் சிமெண்ட் பிணைப்புச் சோதனை முடிவுகளை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். தோண்டும் முன்னும் பின்னும் அருகிலுள்ள ஆழ்துளைக் கிணறுகளின் நீரைச் சோதிக்க வேண்டும்.

4. நீரியல் விரிசல் முறையைக் கிடைமட்டக் கிணற்றுக்கான அனுமதியிலேயே சேர்த்துக்கொள்ளக் கூடாது. அதற்குத் தனி விண்ணப்பமும் தனிக் கருத்துக்கேட்பும் வேண்டும்.

5. ஆய்வுக் கிணறுகளுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டத்தை மீண்டும் கட்டாயமாக்க வேண்டும்.

6. மாநில எல்லையைக் கடக்கும் எந்தப் பாதைக்கும் புதுச்சேரி, தமிழ்நாடு ஆகிய இரு அரசுகளின் ஒப்புதலும் வேண்டும்.

நிறுவனங்கள் தங்கள் பொறியாளர்களுக்காக எப்படியும் வரையும் வரைபடத்தைத்தான் வெளியிடச் சொல்கிறோம். அதை வெளியிடுவதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. இந்த ஆறு கோரிக்கைகளையும் புதுச்சேரி அரசு மத்திய அரசிடம் எழுத்துப்பூர்வமாக முன்வைக்க வேண்டும். காரைக்கால் மக்களும் தத்தம் கொம்யூன் பஞ்சாயத்துகளில் இவற்றை எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.