அக்னி ஸ்தலத்தில் ஒரு பொட்டி

கிரிவலப் பாதையில வாயு லிங்கத்துக்குப் பக்கத்துலதான் நம்ம வீடு. ஆனா நம்ம கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ள மட்டும் வாயுவே இல்லாம இருந்துச்சுன்னா நம்புவீங்களா? :-)

போன கத்திரி வெயில்ல ஆரம்பிச்ச கதை. ஹால்ல மேசை, அதுக்குக் கீழ பொட்டி, நாலடி தள்ளி அம்மாவோட கட்டில். நான் எழுத உக்கார்றது ராத்திரி 10 மணிக்கு மேலதான். உக்காந்த அரைமணியில 'உய்ய்ங்'னு ஆரம்பிச்சுடும். பௌர்ணமின்னா வெளிய போற கூட்டத்துச் சத்தத்துல கேக்காது. மத்த நாள்ல ஊர் அடங்கினப்புறம் மிக்ஸி ஓடற மாதிரியே இருக்கும். ரெண்டு வாரம் பொறுத்துப் பார்த்த அம்மா, ஒண்ணும் சொல்லாம பாயைத் தூக்கிக்கிட்டு வராண்டாவுக்குப் போயிட்டாங்க. 72 வயசு. கொசுக்கடி வேற. "நீ எழுதுடா, எனக்கு இங்க காத்து நல்லா வருது"ன்னாங்க. அதுக்கு மேல ஒரு வரி ஓடுமா?

சரி, மேட்டருக்கு வருவோம். பொட்டி சூடானா நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணுதான்: பக்கக் கதவைக் கழட்டிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைக்கறது. நானும் வெச்சேன். சூடு குறைஞ்சது வாஸ்தவம். ஆனா ரோட்டுப் புழுதியும் தாளிப்புப் புகையும் சேர்ந்து, மூணு மாசத்துல ஹீட் சிங்க் மேல பிசுபிசுன்னு கம்பளி போத்தின மாதிரி ஆயிடுச்சு. ஃபேன் பேயா சுத்துது, காத்துதான் உள்ள போகலை. அதனால சொல்றேன், கதவை மூடுங்க சாமி. முன்னால இழுத்துப் பின்னால தள்ளற மாதிரி காத்துக்கு ஒரு வழி வேணும். கதவைத் திறந்து போட்டா அந்த வழியே போச்சு.

கடையில கேட்டா, "இன்னும் 2 ஃபேன் போடுங்க சார், கலர் லைட்டு எரியும்". இதுல பாதி சரி. ஒரே மாதிரி 2 ஃபேன் ஓடினா ஒண்ணை விட 3 டெசிபல்தான் கூட. ஆனா ஒரு ஃபேனோட வேகத்தைப் பாதியாக்கினா ஏறக்குறைய 15 டெசிபல் குறையும், காத்து பாதிதான் குறையும். கணக்குப் போட்டுக்குங்க. வில்லன் எண்ணிக்கை இல்ல, வேகம். ஆனா அதே கடையில முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வெச்ச கேபினெட்டையும் தலையில கட்டப் பார்ப்பாங்க. மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுன்னு சொல்ற மாதிரி. வலை வெச்சதா கேளுங்க.

(இந்த ரோதனை புதுசில்ல. 2004-ல வந்த பிரெஸ்காட் பென்டியம் 4-ல சிலது 100 வாட்டைத் தாண்டும். பிரவுசிங் சென்டர்ல அது பக்கத்துல உக்காந்து பதிவு போட்டவங்க காலுக்கு ஞாபகம் இருக்கும்.)

நான் செஞ்சது இவ்ளோதான். ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கிட்டு ப்ளோயர் அடிச்சேன். காஞ்சு போன தெர்மல் பேஸ்ட்டைத் துடைச்சுட்டுப் பட்டாணி அளவு புதுசு வெச்சேன். கத்திக்கிட்டிருந்த 80 மி.மீ. ஃபேனைக் கழட்டிட்டு முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணுன்னு 120 மி.மீ. ஃபேன் மாட்டினேன். அந்த அளவு ஓட்டை நம்ம பழைய கேபினெட்டுலயே இருந்துச்சு, இத்தனை வருசம் பார்க்கவே இல்ல. முன்பக்கத்துக்குக் கொசுவலைத் துணி. அதை மாசம் ஒரு தடவை அலசிக் காயப் போடணும். அப்புறம் பயாஸ்ல போய், 65 டிகிரி வரைக்கும் ஃபேன் மெதுவாவே சுத்தட்டும்னு வெச்சேன்.

சூட்டைப் பார்த்து ரொம்பப் பதறாதீங்க. ரூமே 38 டிகிரின்னா எந்த ஃபேனும் அதுக்குக் கீழ இறக்காது. பிராசஸர் 70, 75-ல ஓடினா ஓடட்டும். இன்டெல் சில்லுங்க பலதும் 100 டிகிரியை நெருங்கினா தானே வேகத்தைக் குறைச்சுக்கும்.

அம்மா மறுபடி ஹாலுக்கு வந்து பத்து நாளாச்சு. இப்போ சீலிங் ஃபேன் கடகடங்குதாம், அதை எப்போடா பார்க்கப் போறேன்னு கேக்கறாங்க.