தாத்தா வீடு விற்பனைக்கு... விலை வீட்டுக்கா, மனைக்கா?

நைனார்பாளையத்துல உங்க கொள்ளுத்தாத்தா காலத்து நாட்டு ஓட்டு வீடு ஒண்ணு பூட்டியே கிடக்குதுன்னு வெச்சுக்குவோம். திண்ணை, முற்றம், மரத்தூண் எல்லாம் அப்படியே இருக்கு. விற்கலாம்னு பேச்செடுத்தா, வர்றவர் கேட்கிற முதல் கேள்வி, ``எத்தனை சென்ட்?'' இடிக்கிற செலவைக் கழிச்சுக்கிட்டுதான் விலையே சொல்வார்.

இதே வீடு இங்கிலாந்து கிராமத்தில் இருந்தால், அந்தப் பழமைதான் விளம்பரம். அங்கே பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மையை அனுமதியில்லாமல் மாற்றுவது குற்றம்.

அப்போ நமக்கு ரசனை இல்லையா? இருக்கு பாஸ்! செட்டிநாட்டு வீடுகளில் இருந்து பிரித்தெடுத்த தேக்குத் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நல்ல விலைக்குப் போகுது. துண்டு துண்டா இருந்தா மதிப்பு. முழு வீடா நின்னா சுமை.

சிக்கல் பெரும்பாலும் பாகப்பிரிவினையில்தான். பத்துப் பங்காளிகள் இருக்கிற வீட்டுக்கு ஓடு மாத்த யார் காசு போடுவாங்க? முதல்ல கூரை ஒழுகும், அப்புறம் சுவர் சரியும். கடைசியில் மிஞ்சுவது மனை மட்டும்தான்.

அதனால, அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ, நத்தம் பட்டா யார் பேர்ல இருக்குன்னு கேளுங்க. வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் மொபைல்லயே இலவசமா பார்க்கலாம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தப்படி பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு உண்டு. அதனால, அத்தைகளையும் கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசுங்க.

விற்பது தப்பில்லை. ஆனா, வீடு வீடா நிற்கிறப்பவே முடிவெடுத்துடுங்க!