பிரிப்பது சுலபம்!



வீட்டில் ஓடாமல் கிடக்கும் கடிகாரத்தை என்றைக்காவது பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? அப்பா ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து ஸ்குரூ டிரைவரை எடுத்து, பின்பக்க மூடியைக் கழற்றி... ஆஹா, உள்ளே எத்தனை பல்சக்கரங்கள்! பத்தே நிமிடத்தில் எல்லாம் தரையில் பரவிவிடும். திரும்பப் பூட்டும்போதுதான் திண்டாட்டம். ஒருவழியாக மூடியைப் போட்டு நிமிர்ந்தால், இரண்டு திருகாணி மிச்சம் இருக்கும்! அந்த இரண்டையும் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் போலச் சாப்பிட உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். அதனால் உங்களைத் திட்ட மாட்டேன்.

ஒரு கடிகாரத்துக்கே இந்தப் பாடு. ஒரு முழு காரையே பிரித்துப் போட்டால்?

அமெரிக்காவில் இதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள். 1960-களில் அங்கே 'மசில் கார்' என்று ஒரு வகை வந்தது. மசில் என்றால் தசை. 'தசைக் கார்' என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள் என்பதால் மசில் கார் என்றே வைத்துக்கொள்வோம். நடுத்தர அளவு காரில், பெரிய காருக்கான எஞ்சினைத் தூக்கி வைத்தால் அதுதான் மசில் கார். 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. இதில் பிரபலமானது. அதன் எஞ்சின் சுமார் 6.4 லிட்டர். நம் தெருவில் ஓடும் சின்னக் கார்களின் எஞ்சின் 1 லிட்டர், 1.2 லிட்டர்தான். ஒப்பிட்டுப் பாருங்கள், அது எப்படி உறுமியிருக்கும் என்று!

அந்த உறுமல் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1970-ல் காற்று மாசைத் தடுக்க அமெரிக்காவில் கடுமையான சட்டம் வந்தது. வேகமான கார்களுக்கு இன்சூரன்ஸ் கட்டணம் ஏறியது. 1973-ல் பெட்ரோலுக்கே தட்டுப்பாடு வந்துவிட்டது. நிறைய கார்கள் கொட்டகைக்குள் போய்த் துருப்பிடித்தன.

பல வருடம் கழித்து யாராவது ஓர் ஆர்வக்காரர் அதில் ஒன்றை வாங்கி, ஒரே வாரத்தில் மொத்தமாகப் பிரித்துப் போடுவார். பிறகு வேலை மாறும், கல்யாணம் ஆகும், குழந்தை பிறக்கும். கார் அட்டைப்பெட்டிகளிலேயே தூங்கும். கூடையில் அள்ள வேண்டிய நிலை என்பதால் இதை 'பாஸ்கெட் கேஸ்' என்று கேலியாகச் சொல்வார்கள். கடைசியில் அலுத்துப்போய் அப்படியே இன்னொருவரிடம் விற்றுவிடுவார்.

வாங்குகிறவரின் கஷ்டத்தை யோசித்துப் பாருங்கள். பிரித்தவர் வேறு, பூட்டுகிறவர் வேறு. எந்த போல்ட் எங்கே இருந்தது என்று இவருக்கு எப்படித் தெரியும்? எதெல்லாம் தொலைந்து போயிற்று என்றுகூடத் தெரியாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் ஸ்பேனரை எடுக்க மாட்டார்கள். ஒரு நோட்டும் பேனாவும்தான் எடுப்பார்கள். ஒவ்வொரு சாமானாக எடுத்துத் துடைத்து, பெயர் எழுதி, சின்னச் சின்னப் பைகளில் போட்டுச் சீட்டு ஒட்டுவார்கள். தொழிற்சாலையில் காரைப் பூட்டியபோது பயன்படுத்திய வழிகாட்டிப் புத்தகங்களின் மறுபதிப்பு பல மாடல்களுக்குக் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு, இருப்பது எது, இல்லாதது எது என்று கணக்கெடுப்பார்கள். இந்த வேலைக்கே மாதக்கணக்கில் ஆகும்.

அடுத்தது தகர வேலை. துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய தகட்டை வெல்டிங் வைக்க வேண்டும். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே கதவு, பானெட் எல்லாவற்றையும் ஒருமுறை மாட்டிப் பார்ப்பார்கள். கதவைச் சுற்றி இடைவெளி ஒரே சீராக வராவிட்டால், கீலுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்வார்கள். பிறகு மறுபடியும் கழற்றித்தான் பெயின்ட்! மாட்டியதைக் கழற்றும்போது அழுகை வரும். ஆனால் பெயின்ட் அடித்த பிறகு கதவு இடித்தால் இன்னும் பெரிய அழுகை வரும்.

எஞ்சினில் இன்னும் கண்டிப்பு. ஒரு பிஸ்டன் எந்தச் சிலிண்டரிலிருந்து வந்ததோ, அதிலேயே திரும்பப் போக வேண்டும். மேல்மூடி போல்ட்டுகளை ஓரத்திலிருந்து இறுக்கக் கூடாது. நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக, பல சுற்றில் இறுக்க வேண்டும். ஜி.டி.ஓ.வில் எட்டு சிலிண்டர்கள். தீப்பொறி 1, 2, 3 என்று வரிசையாகப் போகாது. 1, 8, 4, 3, 6, 5, 7, 2 என்றுதான் போகும். இரண்டு வயர் இடம் மாறினால் போதும், எஞ்சின் இருமும், வெடிக்கும், ஓடாது. இரண்டு வருட உழைப்பு ஒரு வயரில் நிற்கும்!

இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. 1964, 1965 மாடல்களில் ஜி.டி.ஓ. என்பது தனி கார் அல்ல. லெமான்ஸ் என்ற காருக்குக் கூடுதல் பணம் கட்டி வாங்கும் வசதி, அவ்வளவுதான். வண்டி எண்ணை மட்டும் பார்த்து அது சாதா லெமான்ஸா, ஜி.டி.ஓ.வா என்று சொல்ல முடியாது. ஆகவே சாதாக் காரில் ஜி.டி.ஓ. எழுத்துகளை ஒட்டி ஏமாற்றலாம். கைத்திறமை எல்லாம் அதே திறமைதான், பார்க்கவும் அழகாகத்தான் இருக்கும். இருந்தாலும் அது பொய் கார்.

இதற்கு நேர்மாறான ஒரு காரைப் பற்றிச் சொல்கிறேன். 1968-ல் 'புல்லிட்' என்ற ஆங்கிலப் படம் வந்தது. சான் பிரான்சிஸ்கோவின் மேட்டிலும் பள்ளத்திலும் பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு கார் துரத்தல். நடிகர் ஸ்டீவ் மெக்குயின் ஓட்டிய பச்சை நிற மஸ்டாங் காரை, 1974-ல் ஒரு சாதாரணக் குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கியது. அந்த வீட்டு அம்மா மூன்றாம் வகுப்பு டீச்சர். தினமும் அதில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தார்! (சைக்கிளிலேயே பணிக்காலம் முழுவதும் ஓட்டிய எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.) 1977-ல் மெக்குயினே கடிதம் எழுதிக் கேட்டும் அவர்கள் கொடுக்கவில்லை. 1980-ல் கிளட்ச் போய்விட்டது. கார் கொட்டகைக்குள் போனது. அப்பாவும் மகனும் சேர்ந்து அதைச் சரிசெய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். 2014-ல் அப்பா இறந்துவிட்டார். மகன் அந்த வேலையை முடித்தார். 2018 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் உலகமே அதைப் பார்த்தது.

காரை ஓட வைத்தாரே தவிர, புதுப் பெயின்ட் அடிக்கவில்லை. மங்கிய பச்சை, நெளிசல், கேமராவைப் பொருத்துவதற்காகப் படக்குழு அடியில் வெல்டிங் வைத்த இரும்பு எல்லாம் அப்படியே இருந்தன. 2020 ஜனவரியில் நடந்த ஏலத்தில் அந்த அழுக்குக் கார் 34 லட்சம் டாலருக்குப் போனது. கட்டணம் எல்லாம் தனி!

பளபளவென்று பெயின்ட் அடித்திருக்கலாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அடிக்காமல் விட்டதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஒரு போஸ்ட் கார்டில் எழுதிப் போடுங்கள். வீட்டில் பிரித்த சாமானைத் திரும்பப் பூட்டிய வீரர்கள் இருந்தால், மிச்சம் எத்தனை திருகாணி என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும், சரியா?