நோயாளிக்கும் ஒரு தேர்வா?

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து மருந்தைக் கொடுப்பவர் என்பன அவை. இந்த நான்கோடு இன்று ஐந்தாவதாக ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. அதுதான் படிவம்! புதிதாக வரும் நோயாளி மருத்துவரின் முகத்தைக் காண்பதற்கு முன்னால் படிவத்தின் முகத்தைத்தான் காண வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் வரிசையில் நின்று பெயரையும் வயதையும் சொன்னால் ஓ.பி. சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இப்போது பல மருத்துவமனைகளில் தொடுதிரையிலோ கைப்பேசியிலோ நாமே நிரப்ப வேண்டும்.

கணினிப் படிவமே கூடாது என்பது என் கருத்தன்று. கைவிளக்கேந்திய காரிகை எனப் போற்றப்படும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், எல்லா மருத்துவமனைகளும் நோயாளிகளின் விவரங்களை ஒரே முறையில் குறித்து வைக்க வேண்டும் என்று விரும்பினார். அவரது திட்டம் 1860-ஆம் ஆண்டில் லண்டனில் கூடிய அனைத்துலகப் புள்ளியியல் மாநாட்டின் முன் வைக்கப்பட்டது. நம் நாட்டில் 2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் தொடங்கப்பட்டது. விரும்புவோர் 14 இலக்கம் கொண்ட 'ஆபா' எண்ணைப் பெறலாம். இத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், அங்கே ஒட்டியிருக்கும் கியூ.ஆர். குறியீட்டைக் கைப்பேசியால் படம்பிடித்தால் பெயர், வயது, முகவரி எல்லாம் பதிவு மேசைக்குச் சென்றுவிடும், டோக்கனும் கிடைத்துவிடும். இது நல்ல முயற்சியே. ஆனால் கைப்பேசியைக் கையாளத் தெரியாத முதியோர் நிலை என்ன? அவர்களுக்குப் படிவம் ஒரு தேர்வாகவே இருக்கிறது. அதுவும் காய்ச்சலோடு எழுதும் தேர்வு!

முதல் வினாவே பெயரைப் பற்றியது. பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். இரண்டையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். தமிழரிடையே பலருக்குக் குடும்பப் பெயர் ஏது? தந்தையின் பெயரின் முதலெழுத்து மட்டுமே உண்டு. சென்ற ஆண்டு என் பாட்டியுடன் ஒரு மருத்துவமனைக்குச் சென்றிருந்தபோது, "குடும்பப் பேரா? எங்க குடும்பத்துக்கு ஏதும்மா தனியா பேரு? ஊரைக் கேட்டாச் சொல்றேன்" என்றார் பாட்டி. ஒருமுறை தலைப்பெழுத்து, மறுமுறை கணவர் பெயர், இன்னொருமுறை வெறும் புள்ளி என்று அந்தக் கட்டத்தை நிரப்பினால், ஒரே நோயாளி மூன்று நோயாளிகளாகப் பதிவாகிவிட மாட்டாரா? பழைய மருத்துவக் குறிப்பு எந்தப் பெயரில் கிடைக்கும்?

அடுத்தது பிறந்த தேதி. பிறப்பு, இறப்புப் பதிவுக்கென நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் இயற்றப்பட்டதே 1969-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் பிறந்தவர்கள் பலர், "பெரிய புயல் அடித்த வருஷம்" என்றுதான் சொல்வார்கள். படிவமோ நாள், மாதம், ஆண்டு மூன்றையும் கேட்கிறது. 'ஏறத்தாழ எத்தனை வயது?' என்று கேட்டால் போதாதா?

இவையெல்லாம் தொல்லைகள் மட்டுமே. ஆபத்தான வினா வேறொன்று உண்டு. 'டிரக் அலர்ஜி உண்டா?' என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். அதையே 'மருந்து ஒவ்வாமை' என்று தமிழாக்கினாலும் எத்தனை பேருக்குப் புரியும்? புரியாதவர் 'இல்லை' என்று குறித்துவிடுவார். அந்த 'இல்லை'யை நம்பி ஊசி போட்டுவிட்டால்? 'முன்பு ஏதாவது மாத்திரை சாப்பிட்டோ ஊசி போட்டோ உடம்பில் தடிப்பு, அரிப்பு, மூச்சுத்திணறல் வந்ததுண்டா?' என்று கேட்டால் எவரும் பதில் சொல்வர். அங்கே 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டோடு 'தெரியவில்லை' என்ற மூன்றாவது விடையும் இருக்க வேண்டும். தெரியாததை இல்லை என்று எழுத வைப்பது நோயாளியின் உயிரோடு விளையாடுவதாகும். அதுபோலவே மருந்தின் பெயரை எழுதச் சொல்வதைவிட, மாத்திரை அட்டையைப் படம் பிடித்துச் சேர்க்கச் சொல்வது எளிது.

தோழியரே, இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வீட்டில் படிவம் நிரப்பும் வேலை யாருக்கு வருகிறது? ஆங்கிலம் படித்த நமக்குத்தான். அம்மாவுக்காகவும் அத்தைக்காகவும் நாம் நிரப்புகிறோம். மாதவிலக்கைப் பற்றியும் கருச்சிதைவைப் பற்றியும் உள்ள வினாக்களைக் கூட்டத்தின் நடுவே நாம் வாய்விட்டுக் கேட்க, அவர்கள் கூசி, "ஒண்ணுமில்லைன்னு போடு" என்கிறார்கள். உடன் வந்தவர் மகனானால் கேட்கவே வேண்டாம். இத்தகைய வினாக்களைப் படிவத்திலிருந்து நீக்கி, மருத்துவரோ செவிலியரோ தனியறையில் கேட்பதே பண்பாடு.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 73 பேர். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அன்று படிக்கத் தெரியாது. ஆகவே படிவம் தமிழில் இருந்தால் மட்டும் போதாது. வினாவைப் படித்துக் காட்டும் குரலும் வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நம் விவரங்களைப் பெற ஒப்புதல் கேட்கும்போது ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ அதைப் படிக்க வசதி தர வேண்டும் என்கிறது. அந்த 22-இல் நம் தமிழும் ஒன்றன்றோ!

"விவரம் முழுமையாக இல்லாவிட்டால் மருத்துவர் எப்படிச் சிகிச்சை அளிப்பார்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஐம்பது கட்டங்களில் அவசரமாக நிரப்பிய ஐம்பது விடைகளைவிட, புரிந்துகொண்டு சொன்ன பத்து விடைகளே மருத்துவருக்குப் பயன்படும். பெயர், ஏறத்தாழ வயது, தொலைபேசி எண், உடம்புக்கு என்ன, சாப்பிடும் மருந்து, ஒத்துக்கொள்ளாத மருந்து ஆகியவை முதலில் போதும். மின்னஞ்சலும் தொழிலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு திரைக்கு ஒரு வினா இருக்கட்டும். தவறாக நிரப்பினால் சிவப்பு எழுத்தில் மிரட்டாமல், எப்படித் திருத்துவது என்று சொல்லட்டும். பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படித்துப் பார்ப்பதற்கென்றே எங்களுக்கு 10 நிமிடம் தருகிறார்கள். நோயாளி சற்றுத் தயங்கினால் 'நேரம் முடிந்தது' என்று எழுதியதையெல்லாம் அழித்துவிடும் படிவத்தை என்னென்பது? எல்லாவற்றிற்கும் மேலாக, முகம் பார்த்துப் பேச ஒருவர் அந்த மேசையில் எப்போதும் இருக்க வேண்டும்.

புதிய படிவத்தை நடைமுறைக்குக் கொண்டுவருமுன், எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், கண் மங்கிய ஒருவர், கிராமத்திலிருந்து வந்த ஒருவர் என ஐந்து பேரை அமர்த்தி நிரப்பச் சொல்லட்டும். அவர்கள் தடுமாறும் இடத்தில் திருத்த வேண்டியது படிவத்தையே; அவர்களையல்ல. நம் பள்ளியிலிருந்து நாளை சிலர் மருத்துவராவோம், சிலர் செவிலியராவோம், சிலர் கணினிப் பொறியாளராவோம். எப்பதவியில் இருப்பினும், வலியோடு வந்து நிற்பவரிடம் முதலில் கேட்கும் கேள்வி அன்பான கேள்வியாக இருக்கும்படி செய்வோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு