உடையோம், உண்டு, ஹேவ்: குறிப்பு வினையின் வழியே ஓர் ஆங்கில வினை

இராசபாளையத்திலோ திருவில்லிபுத்தூரிலோ தமிழ்வழியில் பயிலும் மாணவர் தம் குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு தொடர் சொல்ல நேர்ந்தால், ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்று தொடங்குவது அரிதன்று. இஃது இவ்விரு ஊர்க்கு மட்டும் உரிய வழக்கும் அன்று. இந்திய ஆங்கிலம் குறித்த ஆய்வுகள் பலவும் சுட்டும் கூறே. ‘ஐ ஹேவ்’ என்று ஆசிரியர் திருத்துவார். காரணம் கேட்டால், அவ்வினை நிலையை உணர்த்துவது, ஆதலால் ‘இங்’ ஏற்காது என்பார். ஆயின் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ என்பது பிழையற்ற தொடர். இரண்டையும் கேட்கும் மாணவர்க்கு விதி ஓர் ஆணையாகவே எஞ்சுகிறது. நேர்காணலில் இப்பிழைக்காக நாணுவோர் பலர். பிழையின் வேரை அறிந்தோர் சிலர். அவ்வேர் தமிழில் இருப்பதால் அதை விளக்கும் பொறுப்பும் தமிழாசிரியர்க்கு உண்டு என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

‘எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்’, ‘என்னிடம் பத்து ரூபாய் இருக்கிறது’ என்பன இன்றைய வழக்கு. உடையவர் இங்கு எழுவாயாக நிற்பதில்லை, உடைமையே எழுவாய். உறவும் நோயும் ‘கு’ உருபு பெற்ற பெயரோடும், கைப்பொருள் ‘இடம்’ பெற்ற பெயரோடும் இயைகின்றன. உறவை ஏற்கும் ‘கு’வை நன்னூல் நன்கறியும், நான்காம் வேற்றுமைப் பொருள்களுள் ‘முறை’யையும் பவணந்தியார் எண்ணுகிறார். இத்தொடர்களில் வரும் ‘இருக்கிறார்கள்’ என்னும் முற்றில் நிகழ்கால இடைநிலை வெளிப்படையாக உள்ளது. அதே ‘இரு’தான் ‘எழுதிக்கொண்டிருக்கிறேன்’ என்பதில் துணைவினையாகி, பள்ளியில் ‘ஐ ஆம் ரைட்டிங்’ என்பதற்கு நேராகக் கற்பிக்கப்படுகிறது. ‘வைத்திருக்கிறேன்’ என்பதும் மாணவரை அத்திசைக்கே தள்ளும். எனவே ‘ஆம் ஹேவிங்’ என்பது அறியாமையால் எழுந்ததன்று. தமிழின் ‘இருக்கிற’ என்னும் உறுப்பை மாணவர் பொறுப்போடு பெயர்த்ததன் விளைவு அது.

இராசபாளையத்தில் இதற்கு இன்னொரு துணையும் உண்டு. அங்குள்ள ராஜுக்கள் முதலியோர் இல்லங்களில் வழங்கும் தெலுங்கும் ‘நாகு’ என்னும் நான்காம் வேற்றுமை வடிவத்தோடு ‘உன்னாரு’ என்னும் இருத்தல் வினையைச் சேர்த்தே உறவைச் சொல்லும். வீட்டுமொழி தெலுங்காயினும் பள்ளிமொழி தமிழாயினும் மாணவர் ஒரே வாயில் வழியாகவே ஆங்கிலத்துக்குள் நுழைகிறார். இதனைத் திராவிட மொழிகளின் குறையெனக் கொள்ளவும் இடமில்லை. இலத்தீனில் ‘எனக்கு உளது’ என்னும் அமைப்பு உண்டு. ரஷ்ய மொழியும் இருத்தல் வினையாலேயே உடைமையைக் குறிக்கும். உலக மொழிகளில் இவ்வமைப்பே பெருவழக்கு என்றும், ‘ஹேவ்’ போன்ற வினையே சிறுபான்மை என்றும் பிரெஞ்சு மொழியியலார் பென்வெனிஸ்ட் 1960இல் காட்டினார்.

ஆயினும் தமிழ் எக்காலத்தும் உடையவரை எழுவாயாக்காத மொழி என்பது பொருந்தாது. ‘உடையேன், உடையை, உடையன்’ என எழுவாயோடு இயைந்து திணை பால் இடம் காட்டும் முற்றுகள் நம்மிடம் இருந்தன. இரண்டாம் வேற்றுமைப் பொருள்களுள் ‘உடைமை’யை நன்னூல் வைக்கிறது, ‘பொன்னை உடையான்’ என்பதில் எழுவாயும் செயப்படுபொருளும் ஆங்கிலத் தொடரில் நிற்கும் இடத்திலேயே நிற்கின்றன. தொல்காப்பியரோ இரண்டாம் வேற்றுமை வினையை மட்டுமன்றி வினைக்குறிப்பையும் முதலாகக் கொண்டு தோன்றும் என்கிறார். வினையியலில் குறிப்பு வினைக்கு நிலைக்களன்களை எண்ணும்போது உடைமையையே முதலில் நிறுத்துகிறார். குழையன், கச்சினன் என்பன அவ்வகையின. இம்முற்றுகளில் காலம் குறிப்பால் பெறப்படும். காலங்காட்டும் இடைநிலைக்கு அங்கு இடமில்லை.

‘ஹேவ்’ உடைமைப் பொருளில் ‘இங்’ ஏற்காமைக்கு இதைவிடத் தெளிவான ஒப்புமை கிடைப்பது அரிது. ஆங்கில வினைக்கு இறப்பும் நிகழ்வும் வடிவில் உண்டு என்னும் வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. ஒப்புமை ஒன்றில்தான்: தொழில் நிகழாத இடத்தில் தொழிலின் தொடர்ச்சியைக் காட்டும் உறுப்பும் வாராது. ‘ஹேவிங் லஞ்ச்’ என்பதில் ‘ஹேவ்’ உண்ணுதலாகிய தொழிலைக் குறிப்பதால் அது தெரிநிலை வினை. தொடர்ச்சி உறுப்பை ஏற்கும். குறிப்பு, தெரிநிலை என்னும் இரு சொற்களைத் தமிழ் வகுப்பில் முன்பே கற்ற மாணவர்க்கு இவ்விளக்கம் சில நிமிடங்களில் விளங்கும்.

சான்றுக்கு மாணவர் தொலைவு செல்லவும் வேண்டா. மார்கழியில் திருவில்லிபுத்தூரில் ஓதப்படும் திருப்பாவையின் 28ஆம் பாசுரத்தில் ‘உடையோம்’ என்னும் முற்று உள்ளது. கண்ணனைத் தம் குலத்தில் பிறக்கப்பெற்ற புண்ணியம் தமக்கு உண்டென ஆயர் சிறுமியர் சொல்லுமிடம் அது. தன்மைப் பன்மைக் குறிப்பு வினைமுற்று. ஆங்கிலத்தில் ‘வீ ஹேவ்’ என்பதன்றி ‘வீ ஆர் ஹேவிங்’ என்று பெயர்ப்பார் இலர். (அதே நூலில் விளியாக வரும் ‘உடையாய்’ வினையாலணையும் பெயர், இரண்டையும் ஒன்றாகக் கொள்ளலாகாது.)

‘உடையேன்’ இன்று பேச்சில் இல்லையே என்னும் மறுப்பு நேர்மையானது. வகுப்பறைக்கு ‘உண்டு’ போதும். அதுவும் குறிப்பு வினைமுற்றே. ஐம்பால் மூவிடத்துக்கும் பொதுவாக நன்னூல் அதனை உடன்படுகிறது. ‘எனக்கு இரண்டு தம்பிகள் உண்டு’ என்பது இன்றும் இயல்பான தொடர். ‘ஹேவ்’ என்பதற்குப் பொருளாக ‘இருக்கிறது’, ‘வைத்திருக்கிறேன்’ என்று எழுதித் தருவதை விடுத்து ‘உண்டு’ என்று எழுதினால், பிழைக்கு வித்தாகும் ‘கிறு’ முதற்படியிலேயே நீங்கும். ‘ஆம் ஹேவிங்’ என்பதும் இந்திய ஆங்கிலத்தின் ஒரு வழக்கு, அதைத் திருத்துவானேன் என்பார் உளர். மொழியியல் நோக்கில் அவர் கூற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் இரு வடிவங்களையும் அறிந்து ஒன்றைத் தேர்வோர்க்கே அவ்வுரிமை பயன்படும். ஒன்றை மட்டும் அறிந்த மாணவர்க்கு அது வெறும் ஆறுதல்.

இவ்விளக்கத்துக்கு எல்லையும் உண்டு. ‘ஐ ஹேவ் சீன்’ என்பதில் ‘ஹேவ்’ உடைமை உணர்த்தாது துணைவினையாகிறது. அதற்கு நேராக நாம் சொல்லும் ‘பார்த்திருக்கிறேன்’ என்பதில் வருவதோ மீண்டும் ‘இரு’. உடைமையில் ‘இரு’வை விலக்கச் சொன்ன ஆசிரியரே இங்கு அதை வரவேற்க வேண்டும். ஆகவே இவ்விரண்டையும் ஒரே பாடத்தில் வைத்தல் கூடாது; உடைமைப் பொருள் உறுதிப்பட்ட பின்னரே துணைவினைக்குச் செல்லுதல் தகும்.